அரையாய் நழுவிய தோள்

அன்று அரசாங்க ஆஸ்பத்திரியின் வராந்தாவில் என்னோடு இருந்தவர்கள் மூன்று பேர். என் அப்பா சவரிமுத்து. திருவிழாவுக்கென்று தைத்த சட்டையில் இரண்டு பித்தான்கள் தெறித்துப் போயிருந்தன. அக்கா ரெஜினா, கோயிலுக்குப் போட்டு வந்த முக்காட்டுத் துணியை அவிழ்த்து என் வலது கையைக் கழுத்தோடு தூளி கட்டியிருந்தாள். மூன்றாவது ஆள் எங்கள் குப்பத்துச் சின்னப்பன் மாமா; முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா இல்லை, அவள் போய் வெகு காலம். பங்குச் சாமியார் வரவில்லை. சப்பரச் சபைப் பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை. இம்மானுவேல் வரவில்லை. அவன் வராததைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அவன்.

சாந்தோமில் கடலை ஒட்டினாற்போல் இருக்கிறது எங்கள் சிற்றாலயம். ஆண்டுக்கு ஒருமுறை அந்தோணியார் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தெருச் சுற்றி வருவோம். சுற்றி வருவோம் என்று எழுதுகிறேனே தவிர, தோள் கொடுக்கிற உரிமை தெருக்காரர்களுடையது. போர்ச்சுகீசியர் காலத்திலிருந்தே அங்கே வேர்விட்ட குடும்பங்கள் அவை. வாத்தியார் வேலையும் ஆபீஸ் வேலையும் பார்ப்பவர்கள். குப்பத்தார் நாங்கள் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பின்னால் நடப்போம். அந்த ஆண்டுதான் முதல்முறையாகக் குப்பத்துக்கு இரண்டு இடம் விட்டார்கள். பின்பக்கம் சின்னப்பன் மாமா. முன்பக்கம் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். ஓர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அடுத்த மாதக் கடைசியில் டாக்டர்கள் என் உடம்பைப் பார்த்துத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை என்னுடையது.

சப்பரத்தின் முன்னால் குறுக்காக ஒரு தேக்குக் கோல் கட்டியிருக்கும். அதன் வலது பாதியில் இரண்டு பேர். நுனியில் தெருக்காரர்களின் பிள்ளை இம்மானுவேல், அவனுக்கு உள்பக்கம் நான். யுத்தக் காலம், இருட்டினால் விளக்கு ஏற்றக்கூடாது என்று உத்தரவு. ஆகையால் வெளிச்சம் இருக்கும்போதே கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரமாக நடந்தோம். மாதா சந்தின் முனையில் திரும்பும்போது இம்மானுவேல் தோளைத் தாழ்த்தி வெளியே வந்துவிட்டான். தடுக்கி விழவில்லை, கால் இடறவில்லை. ஒரு பக்கமாக நகர்ந்து நின்றான். அவ்வளவுதான். இரண்டு பேர் கனம் என்மேல் வந்தது. தோளில் இருந்த கோல் பின்பக்கமாக வழிந்தது. நான் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், பின்னால் சாய்ந்த கோலைப் பிடித்துத் தொங்கினேன். தோளுக்குள் ஏதோ ஒன்று முன்பக்கமாக வழுக்கிப் போய், மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தது. ஈரச் சோப்புக்கட்டி கையைவிட்டு எகிறப் பார்த்து மறுபடி உள்ளங்கைக்கே வந்தாற்போல. சப்பரம் சாய்ந்து சுவரில் இடித்தது. சுரூபத்தின் லீலிப்பூப் பிடித்த கை முறிந்து விழுந்தது.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை.

"மீன் கை வழுக்கும்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்றான் இம்மானுவேல். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள்.

அங்கேதான் அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் குப்பத்தில் பொது வலை கிழிந்தால், கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் முதலில் பணத்தை வைத்துவிடுவான். தப்பு யார்மேல் என்பதைப் பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். வலை காத்திருக்காது என்பதால் அப்படி ஒரு வழக்கம். அப்பா அதே வழக்கப்படி மடியை அவிழ்த்துச் சுரூபத்தின் கைக்கென்று பன்னிரண்டு ரூபாயைச் சபைப் பெரியவர் கையில் வைத்தார். தெருக்காரர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவர்களுடைய கணக்கில் பணம் கொடுத்தவன் தப்பை ஒப்புக்கொண்டவன். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சாந்தோம் முழுக்க முடிவாகிவிட்டது: குப்பத்துப் பையன் கோலை விட்டுவிட்டான், அப்பனே ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டான்.

வராந்தாவில் காத்திருந்தபோது எனக்கு வலியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. தோளிலிருந்து விரல் நுனிவரை கை செத்தாற்போல் கிடந்தது. விரலைக் கிள்ளினால் யாருடைய விரலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கையை அசைக்க முடிந்தது, மார்பு உயரம்வரை தூக்கவும் முடிந்தது. கட்டுப் போடுகிறவர் பார்த்துவிட்டு, "கை நல்லாத்தானேப்பா ஆடுது, அப்புறம் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அப்பா அவரிடம், "ஆடுது சார், ஆனா மரத்துப் பூடுச்சுங்கிறான். கொஞ்சம் பெரியவரு வந்து பாக்கட்டும் சார்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடையும் இம்மானுவேலின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

டாக்டர் மயிலாப்பூர்க்காரர், வயது அதிகமில்லை. என்னைப் படுக்க வைத்து, முழங்கையை மடக்கிக் கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கினார். பிறகு மேல்கையைப் பின்பக்கமாகத் திருப்பினார். கோலைப் பிடித்துத் தொங்கிய அதே நிலை வந்ததும் என் உடம்பு முழுக்க விறைத்தது. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலியால் அல்ல, தோள் இப்போது நழுவிப் போய்விடும் என்ற பயத்தால்.

"இதுதான்," என்றார். "மூஞ்சி சொல்லிடறது. படம் எடுத்துப் பார்த்துடுவோம், ஆனா படத்துல ஒண்ணும் தெரியாது, இப்பவே சொல்லிடறேன்."

எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. நரம்பு விழிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள்.

எனக்கு இரண்டாவது கட்டிலில் மஸ்தான் பாய் இருந்தார். ஜட்கா வண்டிக்காரர். அடையாற்றுப் பாலத்தருகே குதிரை மிரண்டு வண்டி சாய்ந்து, அவருக்கும் வலது தோள்தான். அவரைக் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். தோள் நுனிக்குக் கீழே உருண்டையாக இருக்கவேண்டிய இடம் பள்ளமாக, சட்டை மாட்டுகிற மரக்கட்டை மாதிரிச் சப்பையாக இருந்தது. எலும்பின் தலை முன்பக்கம் அக்குளுக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. கையை உடம்போடு ஒட்டவும் முடியாமல் தூக்கவும் முடியாமல், இடது கையால் அதை ஒரு குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். வார்டே எழுந்து உட்கார்ந்து உச்சுக்கொட்டியது. குளோரோபாம் கொடுத்து, மார்பைச் சுற்றி ஒரு துணியைப் போட்டு ஓர் ஆள் அந்தப் பக்கம் இழுக்க, டாக்டர் இந்தப் பக்கம் கையை நிதானமாக இழுத்துத் திருப்பி உள்ளே தள்ளினார். உள்ளே விழுந்த சத்தம் மறைப்புக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

மயக்கம் தெளிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, உனுக்கு இன்னா?" என்றார்.

"தோள்பட்டைதான் பாய்."

"எங்க, ஒண்ணும் காணோமே."

"பாதி வெளியே வந்து தானாவே உள்ளே போயிடுச்சாம்."

"அடப்பாவி, அரைதானா? நான் முழுசு," என்றார் பெருமையோடு. அன்று முதல் அந்த வார்டில் அவர் முழுசு, நான் அரை. கஞ்சி ஊற்றுகிறவன்கூட, "அரைக்கு ஊத்தட்டுமா, முழுசுக்கு ஊத்தட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தான்.

படித்தவன் என்று டாக்டரிடம் வெட்கமில்லாமல் கேட்டேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது மோசம் என்று. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"ஸ்கூல்ல கரண்டியில எலுமிச்சம்பழம் வெச்சுண்டு ஓடியிருக்கேளா? தோள் மூட்டு அதுதான். பழம் பெரிசு, கரண்டி ரொம்ப ஆழமில்லே. அதனாலதான் கையை எல்லாப் பக்கமும் சுத்த முடியறது. பழம் கீழே விழுந்துடுத்துன்னா டிஸ்லொகேஷன். ரெண்டு எலும்பும் ஒண்ணை ஒண்ணு தொடறதே இல்லே. யாராவது எடுத்து வெச்சாத்தான் உண்டு. விளிம்பு வரைக்கும் உருண்டு போய், பாதி வெளியே, பாதி உள்ளேன்னு நின்னுட்டுத் திரும்பி வந்துடுத்துன்னா சப்லக்சேஷன். பார்க்கறவாளுக்கு ஒண்ணுமே ஆகலை. ஆனா பழத்தைச் சுத்தி ஒரு பை இருக்கு, விளிம்புல ஒரு வரப்பு இருக்கு. அது ரெண்டும் கிழிஞ்சோ தொய்ஞ்சோ போயிருக்கும். அடுத்த தடவை அதே வழியா வெளியே போறது சுலபம்."

"அப்ப அரைதான் தேவலையா, டாக்டர்?"

"தேவலைன்னு யார் சொன்னா? முழுசா வந்தவனை எல்லாரும் கவனிச்சுக்கறா. அரையா வந்தவனை யாரும் நம்பறதில்லே. அவன் அடுத்த நாளே மூட்டை தூக்கப் போயிடறான். ஒங்களுக்குச் சொல்றேன், கையை மார்போட கட்டிண்டு ஒரு மாசத்துக்கு மேல சும்மா இருக்கணும். தலைக்கு மேல தூக்கப்படாது. முக்கியமா, தூக்கிப் பின்னால சாய்க்கவே படாது. சொன்னபடி இருந்தா, மெடிக்கல் பரீட்சைக்குக் கை தூக்கிக் காட்டலாம். இல்லேன்னா இன்னொரு தடவை முழுசா வந்துடும், நரம்பும் போனாலும் போகும்."

இதைக் கேட்டபோது எனக்கு இரண்டு விஷயம் தோன்றியது. முதலாவது, வேலைக்கு இன்னும் வழி இருக்கிறது. இரண்டாவது, கோலை விட்டவனுக்குத் தோள் நழுவாது. விட்டவன் கை வெறுமனே தொங்கும். பிடித்தவனுக்குத்தான் இப்படிக் கிழியும். என் தோளுக்குள் ஒரு சாட்சி இருக்கிறது, ஆனால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. அன்று பழம் தரையில் விழுந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். மஸ்தான் பாயின் பள்ளமான தோளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்படியும் ஒருவன் பொறாமைப்படுவானா என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். நான் பட்டேன்.

வார்டுச் சுவரில் மனித எலும்புக்கூட்டின் படம் ஒன்று மாட்டியிருந்தது. பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். நாளாக ஆக அது இம்மானுவேல் ஆனது. இன்று கணுக்கால் என்று எடுத்துக்கொள்வேன். முதலில் அரை. விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்ப்பேன். பிறகு முழுசு. மறுநாள் முழங்கால், அதற்கு மறுநாள் தாடை. தாடையும் அரையாகவும் முழுசாகவும் நழுவும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். தாடைக்கு மட்டும் கூடுதலாக ஒரு நாள் கொடுத்தேன். மீன் கை வழுக்கும் என்று சொன்னது அதுதானே.

அக்கா தினமும் சாந்தோமிலிருந்து நடந்தே வருவாள். என் சட்டையின் வலது கையைப் பக்கவாட்டில் பிரித்து, நாடா வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள், கையைத் தூக்காமலே போட்டுக்கொள்ள. இடது கையால் நான் சாப்பிடத் திணறுவதைப் பார்த்து, முள் எடுத்த மீனை உருட்டிக் கையிலேயே வைத்திருப்பாள். "வாயத் தொற. எங்களுக்கு லெட்டர் படிச்சுச் சொல்ற வாய், கொஞ்சம் திங்கவும் திங்கட்டும்" என்பாள். அப்பா கடலுக்குப் போய்வந்து, நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். படிக்கிற பிள்ளைக்குக் கூச்சமாக இருக்குமாம். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு மாலை இம்மானுவேல் வந்தான். சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம், கையில் சாத்துக்குடி.

"எப்படிடா இருக்கே சூசை?" என்று என் பெயர் சொல்லிக் கேட்டான். "படம் எடுத்தாங்களாமே. படத்துலயே ஒண்ணுமில்லியாமே."

"நீ விட்டே. நான் பிடிச்சேன். அதனாலதான் இது."

"அதைப் படம் சொல்லுதா?"

நான் எலுமிச்சம்பழக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் சிரித்தான்.

"சரிடா, உன் பழத்தை நீயே வெச்சுக்கோ. திருவிழாக் கொடி இறக்கற அன்னைக்குச் சபை கூடுது. கோல் தூக்கட்டும்னு நான்தான் சொல்லியிருக்கேன். உன் பேர்ல தப்பில்லேன்னா வந்து தூக்கு. வரலேன்னா குப்பத்துக்குக் கொடுத்த ரெண்டு இடமும் பழையபடி எங்களுக்கு. ஒடம்பு சரியில்லேன்னா வர வேணாம்பா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

கோல் தூக்குவது சபையின் பழைய வழக்கம். சப்பரக்காரர்களுக்குள் தகராறு வந்தால், குறுக்குக்கோலைக் கழற்றி, வழக்காடும் இருவரும் ஒருவர் பின் ஒருவராக வலது கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "நான் விட்டிருந்தால் அந்தோணியார் என்னை விடட்டும்" என்று சொல்ல வேண்டும். கோல் தரையைத் தொட்டால் அவன் பொய்யன். சாமியாருக்கு இதில் விருப்பம் கிடையாது. அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விடுவார்.

என் வலது தோளைத் தெரிந்துகொண்டுதான் அவன் கேட்டிருந்தான். டாக்டர் எதைச் செய்யவே கூடாது என்றாரோ அதைச் செய்தால்தான் நான் யோக்கியன்.

அவன் போன பிறகு மஸ்தான் பாய் சாத்துக்குடியை எடுத்து உரித்தார். "யாரு நைனா அவன், செத்த ஊட்டுக்கு வந்தவனாட்டம் பேசிக்கினு போறான்? பழம் மட்டும் இனிப்பாத்தான் கீது," என்றார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கை மார்போடு கட்டியிருந்தது, விரல்களில் உணர்ச்சி திரும்பியிருந்தது. கொடி இறக்கும் நாள் முன்னால் வந்தது. டாக்டர்கள் பார்க்கும் நாள் அதற்குப் பின்னால்.

"போவாதடா," என்றார் அப்பா. "உத்தியோகம் கெடைச்சா போதும். அவனுங்க சப்பரத்த அவனுங்களே தூக்கிக்கட்டும். இத்தினி காலம் நாம்ப தூக்கியா அந்தோணியாரு தெரு சுத்துனாரு?"

"குப்பத்துக்கு ரெண்டு இடம்பா."

"குப்பத்துக்கோசரமா சொல்ற? பொய் சொல்லாத. அவன் மூஞ்சப் பாக்கணும் உனுக்கு."

அவர் சொன்னது சரி. குப்பத்துக்காக என்று நான் வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது அவன் முகம் ஒன்றுதான். வேலையா, அந்த முகமா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. இதைத் திருத்தி அழகாக எழுத மனமில்லை.

அன்று கோயில் முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இம்மானுவேலின் தாயார் முன்வரிசையில் ஜெபமாலையோடு நின்றிருந்தாள். அக்கா என் கட்டை அவிழ்த்தாள். நான் சபையைப் பார்த்துப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி நிதானமாக.

"நான் தூக்கப்போறேன். தூக்கினா என் தோள் முன்பக்கமா வெளியே வரும். இங்கே பள்ளம் விழும், இங்கே புடைக்கும். ஏன்னா அன்னைக்குக் கோலைப் பிடிச்சுத் தொங்கினப்போ அந்த வழி பாதி திறந்துபோச்சு. விட்டவன் தோள்ல அந்த வழி இருக்காது. சப்பரம் சாய்ஞ்ச பக்கத்துல பின்னால பிடிச்ச சின்னப்பன் மாமாவுக்குக் கால் உரிஞ்சிருக்கு. முன்னால பிடிச்ச எனக்குத் தோள் போயிருக்கு. எனக்குப் பக்கத்துல நின்னவனுக்கு என்ன காயம்னு கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் பாருங்க."

எல்லோரும் இம்மானுவேலின் கையையும் காலையும் பார்த்தார்கள். அவன் அங்கவஸ்திரத்தை இழுத்து மூடிக்கொண்டான்.

நான் கோலைத் தூக்கினேன். மார்பு, முகம், நெற்றி. தலைக்கு மேலே போனதும் தோள் விளிம்புக்கு வந்துவிட்டதை அறிந்தேன். "நான் விட்டிருந்தால்," என்றேன். பழம் உருண்டது. "அந்தோணியார் என்னை விடட்டும்," என்று முடித்தேன். அது விழுந்தது.

முழு நழுவல் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல முடியும், இரண்டையும் ஒரே தோளில் அனுபவித்தவன் என்பதால். அரை நழுவலில் ஒரு மின்னல், பிறகு மரத்துப்போதல், பிறகு உலகம் பழையபடி. முழுசில் பழையபடி ஆவதே கிடையாது. கை என்னுடையதாக இல்லை. வேறெங்கோ மாட்டிக்கொண்டு, அசைக்கச் சொன்னால் கேட்காமல், வலி குறையாமல் ஒரே மட்டத்தில் நின்றது. கண் இருண்டது. ஆனால் கோல் சரிந்தபோது என் கழுத்தைக் கொடுத்தேன். கழுத்தில் இடித்த கோலை இடது கையால் கட்டிக்கொண்டேன். அது தரையைத் தொடவில்லை.

சட்டையின் பிரித்த கைவழியாக என் தோள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொன்ன இடத்தில் பள்ளம். நான் சொன்ன இடத்தில் புடைப்பு. பெண்கள் பக்கத்தில் யாரோ, "சேசுவே" என்றாள்.

"வா," என்றேன் இம்மானுவேலைப் பார்த்து. "வாங்கிக்கோ."

அவன் வந்து வாங்கினான். சுலபமாகத் தூக்கினான். ஒரு காயமும் இல்லாத நேரான கை, கோல் ஆடக்கூட இல்லை. "நான் விட்டிருந்தால்," என்றான். அத்தோடு நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவனும் எங்களைப் போலவே அந்தோணியாரிடம் வளர்ந்தவன். பொய்யை ஊரிடம் சொல்ல முடியும், அவரிடம் சொல்ல முடியவில்லை.

"சொல்லுடா," என்றாள் அவன் தாயார். "மிச்சத்தையும் சொல்லேன் கண்ணு. சொல்லுடா."

அவன் கோலை இறக்கினான். அது தரையைத் தொட்டது.

"இன்னா தம்பி," என்றார் சின்னப்பன் மாமா, "நாக்கு வழுக்குதா?"

நான் எதிர்பார்த்த முகம் அதுதான். மயக்கம் வருவதற்குள் அதை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அவன் தாயாரின் முகத்தையும் பார்த்தேன். அதற்காக வருத்தப்படுவேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். இதுவரை படவில்லை.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தூக்கப்படாதுன்னு தமிழ்லதானே சொன்னேன்?" என்றார். இம்முறை படத்தில் எல்லாம் தெரிந்தது. பழம் கரண்டியைவிட்டு முழுக்க வெளியே நின்றது. மஸ்தான் பாய்க்குச் செய்ததையே எனக்கும் செய்தார்கள். குளோரோபாமின் தித்திப்பு நாற்றத்தில் மூழ்கும்போது அந்த முகத்தை இன்னொரு தடவை நினைத்துக்கொண்டேன். விழித்தபோது கை உள்ளே இருந்தது. கட்டுப் பிரித்துக்கொள்ள வந்திருந்த பாய் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் நைனா நீ முழுசு," என்றார்.

டாக்டர்கள் குழு பார்க்கும் நாளில் வரிசையில் நின்றேன். "ரெண்டு கையும் தலைக்கு மேலே," என்றார் ஒருவர். இடது கை போனது. வலது கை காதுவரை போய் நின்றது. தகுதியில்லை என்று எழுதினார்கள்.

இப்போது தியாகராய நகரில், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நடத்துகிற ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முழங்கை மேசையில் இருந்தால் எழுத்து நன்றாகவே வரும். மேல்தட்டுப் புடவையை எடுக்க வேறு ஆளைக் கூப்பிடுவேன். மழைக்காலத்தில் தோள் குடையும். அப்போது "சொல்லேன் கண்ணு" என்ற குரலை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் குறையும். இம்மானுவேலின் குடும்பம் இப்போது சப்பரத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்து நடக்கிறது. குப்பத்துக்கு நான்கு இடம். நான் தோள் கொடுக்க முடியாது. ஆனால் மாதா சந்தின் முனையில் போய் நின்றுகொள்வேன், அவன் கடந்துபோகும்போது என்னைப் பார்க்கும்படி.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தோள் நழுவி, தானே உள்ளே போய், கை மரத்து, படத்தில் ஒன்றும் தெரியாமல், உறவுக்காரர்கள் நடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு என் வார்த்தை: அது உண்மையான காயம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். செய்வதாக இருந்தால், எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

சுரூபத்தின் கைக்குக் கொடுத்த பன்னிரண்டு ரூபாயைச் சபை திருப்பி அனுப்பியது. அப்பா வாங்கவில்லை. "வலைக்கு வெச்ச துட்டு வலைக்குத்தான்," என்று சொல்லிவிட்டார். ஆகவே அதுவும் செலவில் சேர்ந்தது. படங்கள், வெளியே வாங்கிய மருந்து, ஜட்கா வாடகை, அப்பா கடலுக்குப் போகாத நாட்கள், அடகு வைத்த அக்காவின் சங்கிலிக்குக் கட்டிய வட்டி, அப்பா விற்ற கட்டுமரப் பங்கில் விழுந்த நஷ்டம் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். போன உத்தியோகத்தைச் சேர்க்கவில்லை. அதற்கு விலை போடத் தெரியவில்லை. "மொத்தம் இன்னாடா ஆச்சு?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த வலையில் இன்னும் நாலு கண்ணி போட்டார். பிறகு, "சல்லிசுதான்," என்றார்.

அவர் சல்லிசு என்று சொன்ன தொகை, நூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஆறணா.